நாடாவும் ஓர் ஏடே

மன்னார்ப் பகுதியின் நாட்டுக் கூத்துகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் ஏடுகளைப் பற்றியே பெரிதும் எழுதுகின்றனர். 'எண்டிறீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள் வாசாப்பு' முதலிய நாடகங்களைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பதிப்பித்து அச்சேற்றியபின், மாதோட்டத்துக் கூத்துச் செல்வம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நம்மிற் பலர் எண்ணி அமைதியுற்றனர். அது பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆயின் அச்சேறியவை பாட்டின் சொற்கள். பாடிய குரல் அச்சேறவில்லை. விருத்தத்தை எவ்விடத்தில் நீட்டுவது, மத்தளம் எங்கே நடைமாறுவது, அரசன் வரவுக்கும் கட்டியகாரன் வரவுக்கும் மிதியில் என்ன வேற்றுமை என்பனவெல்லாம் அண்ணாவிமாரின் தொண்டையிலும் காலிலுமே இருந்தன.

அரங்கேற்று காதையைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் எவரும் இக்குறையை அறிவர். ஆடலாசிரியன், இசையாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் அமைதியும் அரங்கின் அளவும் இளங்கோவடிகளால் வகுத்துரைக்கப்பட்டன, அடியார்க்குநல்லாரால் விரித்துரைக்கப்பட்டன. ஆயினும், மாதவி ஆடியது எவ்வாறு, அந்த யாழ் ஒலித்தது எவ்வாறு என்று மாணவன் ஒருவன் கேட்பானாயின் நாம் என் செய்வோம்? சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு உழைத்து 1947இல் 'யாழ்நூலை' அரங்கேற்றினார். கணக்கின் துணைகொண்டும் நுண்ணறிவின் துணைகொண்டும் அப்பெரியார் தேடி அலைந்ததை, ஒரு நாழிகை ஒலிப்பதிவு இருந்திருப்பின் ஒரு நாழிகையிற் கேட்டிருக்கலாம்.

கூத்தைப் பொறுத்தவரை நமக்கு அந்த ஒரு நாழிகை இருக்கின்றது. 1980களிலும் 1990களிலும் திருவிழாவையும் கலியாணத்தையும் கூத்தையும் படமெடுப்பித்து வைத்த வீடியோக் கசெட்டுகளே அவை. அலுமாரியின் மேற்றட்டிலும், பழைய றங்குப் பெட்டியின் அடியிலும், படம் பார்த்து முடிந்த கசெட்டுகளோடு கசெட்டாக அவை கிடக்கின்றன. கல்லூரி மாணவர் சிலரிடம், உங்கள் வீட்டில் அத்தகையது ஏதும் உண்டோ என வினவியபோது, ஒரு மாணவி கூறிய மறுமொழி இது: "இருக்கு சேர். ஆனா அதுக்குள்ள என்ன இருக்கெண்டு பாக்க டெக் இல்லை."

வட்டெழுத்துக் கல்வெட்டின்முன் நிற்கும் வழிப்போக்கன் நிலையும் இதுதான். எழுத்து உண்டு; படிப்பதற்குரிய கருவி இல்லை. ஆதலால் இக்கசெட்டு எவ்வாறு தோன்றியது, அதன் எழுத்து எத்தகையது, அதனைப் படிக்கும் வாய்ப்பு ஏன் அருகி வருகின்றது என்பவற்றைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன். தமிழ் கற்பிப்பவன் இயந்திரக் கதை சொல்லப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஓலை எவ்வாறு பதப்படுத்தப்பட்டது, எதனாற் செல்லரித்தது என்று அறியாதவர் ஏட்டைக் காத்ததில்லை என்பதே என் விடை.

தொலைக்காட்சி தோன்றிய காலத்தில் அது காற்றில் எழுதிய எழுத்தாகவே இருந்தது. ஒளிபரப்பும்போது பார்த்தவர் பார்த்தார். பிறகு அது இல்லை. காட்சியைச் சேமிக்க வேண்டின், ஒளிரும் திரையின் முன்னே சினிமாக் கமராவை நிறுத்திப் படமெடுக்கவேண்டும். அதனைக் கழுவி உலர்த்தவேண்டும். கிடைக்கும் படமும் மங்கலாகவே இருக்கும். அமெரிக்காவில் இத்தொல்லை பெரிதாயிற்று. நியூயோர்க்கில் மாலைச் செய்தி வாசிக்கப்படும்போது, கலிபோர்னியாவில் மணி மூன்று குறைவு. அங்குள்ளோர் வேலைமுடிந்து வீடு சேருமுன்னர் செய்தி முடிந்துவிடும். மூன்று மணிநேரம் காட்சியைப் பிடித்துவைக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது.

ஒலியைக் காந்தநாடாவிற் பதியும் வித்தை அதற்கு முன்னரே கைவந்திருந்தது. மெல்லிய பிளாஸ்ரிக் நாடாவில் இரும்பு ஒக்சைட்டுத் தூளைப் பசைகொண்டு பூசுவர். மின்காந்தத் தலை ஒன்றன்மேல் அந்நாடா ஓடும். ஒலிக்கேற்பத் தூளின் காந்தநிலை மாறி நிற்கும். ஆயின் செவிகேட்கும் ஒலியில் வினாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேலில்லை. தொலைக்காட்சிப் படத்திலோ 40, 50 இலட்சம் அதிர்வுகள் உள. இத்துணையையும் எழுதவேண்டின் நாடாவும் தலையும் ஒன்றையொன்று மிகுவேகமாக உராய்ந்து செல்லவேண்டும்.

இங்கே இருவழி இருந்தன. ஏட்டை இழுப்பதா, எழுத்தாணியை ஓட்டுவதா என்பதே வினா. இலண்டன் பி.பி.சி.யின் பொறியியலாளர் ஏட்டை இழுத்தனர். 'வேரா' எனப் பெயரிய அவர்தம் பொறி வினாடிக்கு 200 அங்குலம், அஃதாவது ஐந்து மீற்றர் நாடாவை விழுங்கியது. பதினைந்து நிமிடக் காட்சிக்கு நாலரைக் கிலோமீற்றர் நாடா சென்றது. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியின் நீளத்தினும் அது மிகுதி. 1958 ஏப்ரலில் அதனை நேயர்க்குக் காட்டினர். அதற்கு முன்னரே அது தோற்றிருந்தது.

கலிபோர்னியாவில் அம்பெக்ஸ் என்னும் சிறிய நிறுவனத்தார் எழுத்தாணியை ஓட்டினர். சார்ள்ஸ் கின்ஸ்பேர்க் என்பார் தலைமையில் ஒரு சிறு குழு. பிற்காலத்தில் ஒலித்துறையிற் புகழ்பெற்ற றே டொல்பி அக்குழுவின் இளைஞர். இரண்டங்குல அகல நாடா வினாடிக்கு 15 அங்குலமே நகரும். அதற்குக் குறுக்கே, நான்கு தலைகள் பதித்த சிறு சக்கரம் ஒன்று நிமிடத்துக்கு 14,400 முறை சுழலும். ஒவ்வொரு தலையும் நாடாவின் அகலத்தை ஒருமுறை கீறிச் செல்லும். 1956 ஏப்ரல் 14ஆம் நாள் சிக்காகோவிற் கூடிய ஒலிபரப்பாளர் அவையில், சற்றுமுன் பேசி அமர்ந்தவர் திரையில் மீண்டும் எழுந்து பேசக் கண்டோர் ஒருகணம் வாயடைத்துப் பின் ஆரவாரித்தனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் சி.பி.எஸ். நிறுவனத்தின் மாலைச் செய்தி நாடாவிற் பதியப்பெற்று, மூன்று மணிநேரங் கழித்து மேற்குக் கரைக்கு ஒளிபரப்பாயிற்று. ஒளிநாடாவின் முதற்பணி செய்தியை மூன்று மணிநேரம் தாமதிப்பது, நூற்றாண்டுக்குச் சேமிப்பதன்று. இதனை நினைவிற் கொள்ளவேண்டும். பின்வந்த கேடுகள் பலவற்றுக்கு இதுவே வித்து.

நாடா விலை மிக்கது. அதில் எழுதியதை அழித்து மறுபடி எழுதலாம். இவ்விரண்டுஞ் சேர்ந்தால் யாது நிகழும்? ஒளிபரப்பி முடிந்த நிகழ்ச்சிகளை நிலையத்தார் அழித்து அழித்து எழுதினர். பி.பி.சி.யின் 1960களின் நாடகங்களும் தொடர்களும் பல அவ்வாறே ஒழிந்தன. 1969 ஜூலையில் மனிதன் திங்களில் அடிவைத்த காட்சி, நாம் கண்டதினும் தெளிவான வடிவில் நிலத்திலுள்ள நிலையங்களிற் காந்தநாடாவிற் பதிவாகியிருந்தது. அந்நாடாக்களைப் பல்லாண்டு தேடிய நாசா நிறுவனத்தார், அவை அழிக்கப்பட்டு வேறு பயனுக்கு எடுக்கப்பட்டிருத்தல் வேண்டுமென 2009இல் அறிவித்தனர். நம் முன்னோர் பழைய ஏட்டை ஆற்றில் விட்டனர் என்று இரங்குகின்றோம். திங்களுக்குச் சென்று வந்தோரும் அதற்கு விலக்கல்லர்.

நான்கு தலைப் பொறி ஓர் அறையை அடைத்து நின்றது. அதன்பின் வந்தவை யாவும் அதனைச் சிறிதாக்கும் முயற்சிகளே. நாடாவை உருளை ஒன்றன்மேற் சாய்வாகச் சுற்றிவிட்டால், சுழலும் தலை நாடாவிற் குறுக்குக்கோடு இடாமல் நீண்ட சாய்கோடு இடும். இம்முறையை யப்பானில் தோஷிபா நிறுவனத்தாரும் யேர்மனியிற் பிறரும் 1950களிலேயே கண்டனர். 1971இல் சோனி நிறுவனம் முக்காலங்குல நாடாவைப் பெட்டிக்குள் அடைத்து 'யூமற்றிக்' என விற்றது. செய்தியாளர் கமராவோடு தெருவுக்கு வர இதுவே வழிசெய்தது. 1976இல் ஓரங்குல 'சி' வகை வந்து, நிலையங்களிலிருந்து பழைய இரண்டங்குலப் பொறிகளை மெல்ல மெல்ல வெளியேற்றியது. 1982இல் 'பீற்றாகாம்' வந்தது; ஒளியையும் நிறத்தையும் தனித்தனிக் கோடுகளில் எழுதி நிறம் பரவாமற் காத்தமையால், அதுவும் 1986இல் வந்த அதன் திருந்திய வடிவமும் உலகெங்கும் நிலையங்களின் பொதுமொழியாயின.

வீட்டுக்கு வந்த கதை வேறு. 1975இல் சோனி 'பீற்றாமக்ஸ்' கொணர்ந்தது, 1976இல் ஜே.வி.சி. நிறுவனம் 'வி.எச்.எஸ்.' கொணர்ந்தது. படத்தில் முன்னது சற்றே மேல் என்பர். ஆயின் முதல் வந்தபோது முன்னது ஒரு மணிநேரமும் பின்னது இரண்டு மணிநேரமும் ஓடின, நீளமே வென்றது. நம் நாட்டில் விற்ற வி.எச்.எஸ். கசெட்டுகளில் 'ஈ-180' என்பது மூன்று மணிநேரம் ஓடும். பாட்டும் சண்டையும் நகைச்சுவையும் நிறைந்த தமிழ்ப்படம் ஒன்று அதில் அளவாய் அடங்கும்! விடிய விடிய ஆடும் கூத்தோ அடங்குவதில்லை. அதனாலேதான் ஒரே கூத்து இரண்டு மூன்று கசெட்டுகளிற் பிரிந்து, இன்று ஒன்று தமையன் வீட்டிலும் மற்றொன்று தங்கை வீட்டிலுமாகக் கிடக்கின்றது.

அக்கசெட்டின் எழுத்தைச் சிறிது நோக்குவோம். அரையங்குல நாடா வினாடிக்கு இரண்டரைச் சென்ரிமீற்றருக்குங் குறைவாகவே நகர்கின்றது. சுழலும் உருளை வினாடிக்கு 25 சுற்றுச் சுற்றி, சுற்றொன்றுக்கு இரு சாய்கோடு இடுகின்றது. ஒரு கோட்டில் வினாடியின் ஐம்பதில் ஒருபங்குக் காட்சி உள்ளது. ஒரு மில்லிமீற்றர் அகலத்துள் இத்தகைய கோடுகள் ஏறத்தாழ இருபது நெருங்கி நிற்கின்றன. கோட்டின் அகலம் தலைமயிரின் பருமனே. கடற்கரை வீடுகளிற் புகும் மணலில் ஒரு பொடி அதன்மேல் உருண்டால் எத்தனை வரி அழியும் என்று கணக்கிட்டுக் கொள்க.

இலங்கையின் தொலைக்காட்சி இளமையானது. 1975இல் இந்தியாவின் செய்மதிக் கல்விப் பரிசோதனையைப் பார்ப்பதற்கென, கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளாக் இல்லத்தில் இந்தியர் ஒரு வாங்கி நிலையம் அமைத்துக் கொடுத்தனர். சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13இலும், யப்பானிய உதவியோடு எழுந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இலும் தொடங்கின. மன்னார்க் கரையாருக்கு இவற்றினும் பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்து வந்த தூரதர்சனே அணித்தாயிருந்தது; உயர்ந்த குழாய்களில் ஏறிய அன்ரெனாக்கள் மேற்கு நோக்கித் தவமிருந்தன. காற்றுவாக்கிற்கேற்பப் படம் வரும், போகும். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் யப்பானிய 'டெக்'குகள் வரத் தொடங்கின. டெக்கும் ரி.வி.யும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திற் பாய்விரித்து, ஓரிரவில் மூன்று படம் பார்த்ததை நடுவயதினர் எவரும் மறந்திரார். பின்னர்ப் படமெடுக்கும் கமராவும் வந்தது. கூத்து நாடாவிலேறியது அப்போதுதான்.

அதன்பின் 1990. அவ்வாண்டிற் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் போரில் அழிந்தது. 2011இலேதான் மீண்டும் எழுந்தது. தலைமன்னார்ப் புகைவண்டி நின்றது. ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, பலர் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். தமிழ்க் குடும்பங்கள் மடுவுக்கும் மண்டபத்துக்கும் ஓடின. அத்தகைய பொழுதில் ஒருவர் கையில் எடுப்பது குழந்தையும் நகையும் பத்திரங்களுமே. கசெட்டை எடுத்தவர் சிலர். விட்டுச் சென்றவர் பலர்.

சிதறிய குடும்பங்களின் நாடாக்களுக்கு மற்றுமொரு வினை நேர்ந்தது. இலங்கையும் இந்தியாவும் இங்கிலாந்தும் 'பால்' எனும் முறையைக் கையாண்டன. அதில் ஒரு படத்துக்கு 625 வரி, வினாடிக்கு 25 படம். கனடாவும் அமெரிக்காவும் கொண்டது 'என்.ரி.எஸ்.சி.', 525 வரி, ஏறக்குறைய 30 படம். பிரான்சு கொண்டது 'செக்காம்'. வரியும் படமும் நம்மைப்போல்வன, நிறமெழுதும் இலக்கணம் வேறு. ரொறன்ரோவில் நடந்த பேத்தியின் கலியாணக் கசெட்டை மன்னாரில் இட்டால் திரை உருண்டோடும். பாரிசிலிருந்து வந்தது கறுப்புவெள்ளையாய்த் தோன்றும். ஒரே கருநிறப் பெட்டி, ஒரே அளவு, ஒரே பெயர். உள்ளே மூன்று லிபி. பலமுறைகளையும் படிக்கும் 'மல்ரி சிஸ்ரம்' டெக் வைத்திருந்த வீட்டுக்கு அக்காலத்தில் இருந்த மதிப்பு, கிரந்தமும் வட்டெழுத்தும் அறிந்த புலவருக்குரியதாகும்.

இனி, பாடபேதம். ஏட்டைப் பெயர்த்தெழுதுபவன் எகரத்தை ஏகாரமாக்குவான், ஓரடியை விடுவான், தான் அறியாத சொல்லைத் தானறிந்த சொல்லாக மாற்றுவான். பிழை ஓரிடத்தில் நிற்கும். பிற ஏடுகளோடு ஒப்புநோக்கியும் யாப்பை ஆராய்ந்தும் அதனைத் திருத்தலாம். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செய்தது அது. ஒளிநாடாவின் பாடபேதம் வேறுவகை. ஒரு கசெட்டிலிருந்து மற்றொன்றுக்குக் 'கொப்பி' அடிக்குந்தோறும் படம் முழுவதிலும் சிறிது இரைச்சல் ஏறும், விளிம்பு மழுங்கும், சிவப்பு உதட்டைவிட்டுக் கன்னத்திற் பரவும். நான்காம் கொப்பியில் அண்ணாவியார் முகம் பூசணி மொட்டையாகிவிடும். எவ்வளவு கற்றவராயினும் இதனை ஊகித்துத் திருத்தல் இயலாது. ஆதலின் தாய்ப்பிரதியைத் தேடல் ஏட்டுக்கு வேண்டியதினும் நாடாவுக்கு மிக வேண்டும். அழகிய அட்டையும் தட்டெழுத்துப் பெயரும் உள்ள கசெட்டு பெரும்பாலும் கொப்பியாயிருக்கும். பேனாவாற் கிறுக்கிய பழைய கசெட்டே தாயாதல் கூடும்.

டிஜிற்றல் என்னும் எண்முறை வந்தபின் இவ்வழிப் பாடபேதம் நின்றது. எண்களாக மாறிய காட்சியை நூறுமுறை பெயர்த்தாலும், பெயர்ப்பு மூலமேயாம். ஆயின் நாடாவிலிருந்து எண்ணாக மாற்றும் அந்த ஒருமுறைக்கு, ஓடும் நாடாவும் ஓட்டும் டெக்கும் வேண்டும். இரண்டும் தேய்கின்றன. தூளைப் பிணித்த பசை ஈரத்தை உறிஞ்சினால், சிலவகை நாடாக்கள் பிசுபிசுத்துத் தலையில் ஒட்டிக் கிறீச்சிடும்; அவற்றை ஐம்பது பாகை வெப்பத்தில் மணிக்கணக்காக உலர்த்தி ஒருமுறை ஓட்டி எடுப்பது வல்லுநர் வேலை, வீட்டு அடுப்பில் முயலற்க. வெண்பூஞ்சை பிடித்த கசெட்டையும் அப்படியே டெக்கில் இடலாகாது. அடுத்துவரும் கசெட்டுகளுக்கும் அது பரவும். டெக்கின் இரும்பையோ நம் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. பீற்றாமக்ஸ் கசெட்டுகள் செய்வதைச் சோனி 2016 மார்ச்சில் நிறுத்தியது. அவ்வாண்டு ஜூலையில் யப்பானின் ஃபுனாய் நிறுவனம் வி.எச்.எஸ். டெக் செய்வதைக் கைவிட்டது. உலகின் பெரும்பகுதியில் 2025ஆம் ஆண்டளவில் காந்தநாடாக்களை ஓட்டிப் பார்க்கும் வசதி அற்றுப்போகுமென, ஒலி ஒளி ஆவணக் காப்பாளர் சங்கமும் யுனெஸ்கோவும் 2019இல் எச்சரித்தன.

நம்மிடையே இப்பணிக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் எண்முறையில் ஆவணமாக்கியதோடு, சுவடியையும் ஒலிஒளிப் பதிவையும் சேர்த்துக் காக்க முற்பட்டுள்ளது. ஆயின் எந்த நிறுவனமும் வீடுவீடாக வந்து றங்குப் பெட்டியைத் திறக்கமாட்டாது. அதனை ஊரிலுள்ள ஆசிரியரும் மாணவருமே செய்யவேண்டும்.

செய்யப் புகுவோர்க்குச் சில சொல்வேன். மூன்று மணிநேரக் கசெட்டைப் பெயர்க்க மூன்று மணிநேரம் வேண்டும். விரைவுபடுத்தும் வழி இல்லை. எனவே, முதியவர் ஆடிய கூத்துகள் முதலில், கலியாணங்கள் பின்னர், படங்கள் வேண்டா என வரிசை செய்துகொள்க. கசெட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்ரிக் முனையை ஒடித்துவிடுக. ஒடித்தால் தவறியும் அதில் மறுபடி எழுத இயலாது. கூத்தின் பெயர், ஆடிய ஊர், ஆண்டு, அண்ணாவியார், மத்தளம், பாட்டுக்காரர் என்பவற்றை உயிரோடிருக்கும் ஒருவரை அருகிலிருத்திக் கேட்டு எழுதுக. முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறுங் குறைகின்றனர்.

மற்றொன்று. அட்டையில் சினிமாப் படத்தின் பெயர் எழுதியிருப்பின் உடனே ஒதுக்கிவிடலாகாது. கசெட்டு விலைகூடிய நாட்களிற் பழைய பதிவின்மேலேயே படத்தைப் பதிந்தனர். படம் இரண்டரை மணிநேரத்தில் முடியும். கசெட்டு மூன்று மணிநேரம் ஓடும். ஆகவே 'சுபம்' கண்டபின்னும் நிறுத்தாது கடைசிவரை ஓடவிடுக. புள்ளிபுள்ளியாய்த் திரை சிறிது நேரம் இரைந்தபின், முன்னிருந்த பதிவின் எஞ்சிய அரைமணி, மத்தளத்தோடு தொடங்குவதும் உண்டு.